வலையில்லாத கோல்

1956 என்று வருஷத்தைச் சொன்னால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று ஞாபகம் வரும். அரசியல் பேசுகிறவர்கள் நவம்பர் முதல் தேதி மொழிவழி மாநிலங்கள் பிரிந்ததைச் சொல்வார்கள். சினிமா ரசிகர்கள் அந்தப் பொங்கலுக்கு வந்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ படத்தைக் கலரில் பார்த்து வாயடைத்துப்போனதை, டிக்கெட் வாங்கும்போது சட்டை கிழிந்த கதையோடு சேர்த்துச் சொல்வார்கள். எனக்கு அது, எங்கள் கல்லூரிக் கால்பந்து அணி ஒரு ஆட்டத்தில்கூட ஜெயிக்காமல் ஒரு பருவம் முழுவதையும் ஆடி முடித்த வருஷம். அதற்குப் பிறகு உத்தியோகம், கல்யாணம், வீடு, பிள்ளைகளின் படிப்பு என்று நல்லபடியாக நடந்தவை எத்தனையோ உண்டு. அவற்றின் தேதிகளை யாராவது எடுத்துக்கொடுத்தால்தான் நினைவுக்கு வருகின்றன. அந்தப் பருவத்தின் தோல்விகளோ, எந்த ஆட்டத்தில் எந்தப் பக்கம் வெயில் அடித்தது என்பது உள்பட, கேட்காமலே வந்து நிற்கின்றன.

முழுக்கத் தோல்வி என்று சொல்லிவிட முடியாது. ஒரு டிரா உண்டு. அது டிராதானா, வெற்றியா என்ற வழக்கு இன்னும் தீராமல் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் கல்லூரி திருச்சிக்குப் பக்கத்தில், காவிரிக்கரையில் இருந்தது. பெயர் வேண்டாம், அந்தப் பக்கம் படித்தவர்களுக்கு மைதானத்தைச் சொன்னாலே போதும். மேற்கே விடுதி, கிழக்கே வாய்க்கால், வடக்குக் கோல்கம்பத்துக்குப் பின்னால் கருவேல முள், தெற்குக் கம்பத்துக்குப் பின்னால் ஒரு கிணறு. பகலில் ஆடுகள் மேயும். ஆட்டத்தன்று மத்தியானம் மார்க்கர் வந்து ஆடுகளை விரட்டிவிட்டு, வாளியில் சுண்ணாம்பைக் கரைத்து, கயிறு பிடித்துக் கோடு போடுவார். அவர் கோடு போடுகிற அழகைப் பார்ப்பதற்கென்றே சிறுவர்கள் கூடுவார்கள். கம்பங்கள் சவுக்குமரம். வலை கிடையாது. பெரிய கல்லூரிகளில் வலை இருந்தது. எங்களுக்கு அடுத்த வருஷம் வாங்கித் தருவதாக ஒவ்வொரு வருஷமும் சொன்னார்கள். வலை இல்லாத கோலுக்குள் பந்து போனால் அது நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். வடக்குப் பக்கம் என்றால் முள்ளுக்குள் போகும், தெற்குப் பக்கம் என்றால் யாராவது கிணற்றுக்கு முன்னால் ஓடிப்போய் மறித்தாக வேண்டும்.

பந்தைப் பற்றி இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் ஆச்சரியப்படுகிறார்கள். இன்றைக்குக் கடையில் வாங்கும் பந்தைக் காற்றடித்து உதைக்க வேண்டியதுதான். அன்றைக்குத் தோல் உறை தனி, உள்ளே ரப்பர் பிளாடர் தனி. பிளாடரைச் சுருட்டி உறைக்குள் நுழைத்து, சைக்கிள் பம்பால் காற்றடித்து, காற்றுப் போகாமல் அதன் குழாயை மடக்கி நூலால் இறுக்கிக் கட்டி, எச்சில் தொட்டுக் குமிழி வருகிறதா என்று பார்த்து, குழாயை உள்ளே திணித்து, உறையின் வாயை இரும்பு ஊசியால் தோல்வார் கோத்துத் தைக்க வேண்டும். ஒருவர் முழங்காலால் பந்தை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் வாரை இழுக்க, மூன்றாவது ஆள் ஒவ்வொரு இழுப்புக்கும் விரலால் அமுக்கிக்கொள்ள, விடுதித் தாழ்வாரத்தில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் முழுவதும் இதிலேயே போகும். தோல், விளக்கெண்ணெய், ரப்பர் மூன்றும் கலந்த அந்த வாசனையை நீங்களும் முகர்ந்திருந்தால் இதைப் படிக்கும்போதே மூக்கில் வந்திருக்கும். வார் தைத்த பக்கம் நெற்றியில் பட்டால் தோல் கிழிந்துவிடும். அதனால் உயரத்திலிருந்து வருகிற பந்தின் எந்தப் பக்கம் நம்மை நோக்கித் திரும்புகிறது என்று கடைசி நொடியில் கணக்குப் போட்டு முட்டுகிறவனே நல்ல ஆட்டக்காரன். மழை பெய்தாலோ பந்து ஊறிய பூசணிக்காயாகிவிடும். கார்னர் அடிக்கிறவன் முழு பலத்தோடு உதைத்தும் கோல்முகம் வரைக்கும் வராது.

நாங்கள் தோற்றதற்கு அதுவே ஒரு காரணம். எங்கள் பையன்கள் பெரும்பாலும் ஆற்று மணலில் ஆடிப் பழகியவர்கள். கோடையில் காவிரி வற்றிக் கிடக்கும்போது மணலில் பந்து உருளாது. காலோடு ஒட்டியே கொண்டுபோக வேண்டும். அதனால் வெட்டி ஏமாற்றி எடுத்துப் போவதில் கெட்டிக்காரர்கள், தூரத்துக்கு உதைப்பதில் பலவீனம். கால்பந்துப் பருவமோ மழைக்காலம். எதிரணி ஆட்கள் சேற்றில் ஓங்கி உதைத்து ஆளைத் தாண்டிப் பந்தை அனுப்பிக்கொண்டே இருக்க, நாங்கள் சின்னச் சின்னப் பாஸ்களோடு நடுமைதானத்துக் குட்டைகளில் மாட்டிக்கொண்டோம். போதாததற்கு முந்தின வருஷத்து முன்வரிசை ஐந்து பேரும் பி.ஏ. முடித்துப் போய்விட்டார்கள். அந்த வருஷம் எங்களுக்கு இருந்த ஒரே உறுதியான புல்பேக்குக்கு ஆகஸ்டில் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை கிடைத்தது. அவன் வேலைக்குச் சேர்ந்த அன்று ஸ்டேஷனுக்குப் போய் மாலை போட்டு அனுப்பினோம். அடுத்த மாதம் ரயில்வே ஆட்களோடு ஒரு நட்பு ஆட்டம் வந்தபோது அவன் எதிர்ப்பக்கம் நின்று எங்களைத் தடுத்தான். நன்றாகத்தான் தடுத்தான்.

பூட்ஸ் இன்னொரு காரணம். சுதந்திர இந்தியா 1948இல் லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸோடு ஆடியபோது நம் ஆட்டக்காரர்களில் பலர் வெறுங்கால். இரண்டு பெனால்டிகள் வீணாகி 2-1 என்று தோற்றோம். நமக்கான அந்த ஒரு கோலை அடித்தவர் ராமன். 1952இல் ஹெல்சிங்கியின் குளிரில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றபிறகு அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் பூட்ஸைக் கட்டாயமாக்கியது. அந்தக் கட்டாயம் எங்கள் கல்லூரியின் விளையாட்டுச் சாமான் அறைக்கு வந்துசேர இன்னும் சில வருஷங்கள் ஆயின. வந்த பூட்ஸ்களும் அண்ணன்மார் விட்டுப்போனவை. கணுக்காலை மூடும் உயரம், முனையில் மரக்கட்டைக் கடினம், அடியில் தோல் குமிழ்களை ஆணி வைத்து அடித்திருக்கும். பெரிதாக இருந்தால் செய்தித்தாளைத் திணிப்போம். ஆட்டத்துக்கு முன்னால் ஒவ்வொருவனும் கைவிட்டுத் தடவி, உள்ளே தலைநீட்டிய ஆணிகளைக் கல்லால் தட்டி மடக்கிக்கொண்டிருப்பான். பூட்ஸ் வந்தது நல்லதற்குத்தான், சந்தேகமில்லை. எத்தனையோ கால்விரல்களைக் காப்பாற்றியது. ஆனாலும் வெறும் பாதத்தின் உள்பக்கத்தால் பந்தை நிறுத்தும்போது, பந்து எவ்வளவு வேகத்தில் வந்தது, எந்தப் பக்கம் சுழல்கிறது என்று பாதத்துக்கே தெரிந்ததே, அந்த அறிவு எங்கள் தலைமுறையின் கால்களோடு போய்விட்டது. எனக்கு அதில் இன்றுவரை வருத்தம்தான்.

எங்கள் பி.டி. சார் முப்பதுகளில் சென்னை ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியில் படித்தவர். 1920இல் அதைத் தொடங்கிய ஹாரி குரோ பக்கிடமே பாடம் கேட்டவர். அந்த பக், 1924இல் பாரிஸ் ஒலிம்பிக்குப் போன இந்திய அணிக்கு மேலாளராக இருந்தவர். ‘பக் துரை சொல்வார்’ என்று ஆரம்பித்தால் சார் நல்ல மனநிலையில் இருக்கிறார் என்று அர்த்தம். காக்கி அரைக்கால்சட்டை, வெள்ளைச் சட்டை, கழுத்தில் விசில், கையில் எப்போதும் ஒரு வேப்பங்குச்சி. தோற்று வரும்போது அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்.

“எல்லார்கிட்டயும் கை குடுத்துட்டு வந்தீங்களாடா?”

“குடுத்துட்டோம் சார்.”

“அப்ப வாங்க, காபி சாப்பிடலாம்.”

அவர் அதிகம் பேசாததாலேயே அவர் பேசியவை நினைவில் தங்கின. ஓடுகிறவனுக்குப் பந்தைக் கொடு, நிற்கிறவனுக்குக் கொடுக்காதே என்பார். அவ்வளவுதான் அவர் உத்தி. இரண்டு புல்பேக், மூன்று ஹாஃப்பேக், ஐந்து பார்வர்டு என்று நின்றோம். நான் இன்சைட் லெஃப்ட். மாற்று ஆட்டக்காரர் கிடையாது. அடிபட்டவன் நொண்டிக்கொண்டு ஓரத்துக்குப் போய் நிற்பான். அவனுக்குப் பந்து கொடுப்பதா வேண்டாமா என்பதே ஒரு தர்மசங்கடம். மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டையெல்லாம் 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் வந்தவை. எங்கள் காலத்து ரெஃப்ரி பக்கத்தில் கூப்பிட்டுக் காதோடு இரண்டு வார்த்தை சொல்வார். அதில் அப்பா பெயரும் வந்தால் பையன் அன்றைக்கு ஒழுங்காக ஆடுவான்.

வேடிக்கை பார்க்க வந்தவர்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் அந்தப் பருவத்தைச் சொன்னதாகாது. தோற்க ஆரம்பித்தால் கூட்டம் குறையும் என்றுதான் எதிர்பார்ப்போம். எங்களுக்குக் கூடிக்கொண்டே போயிற்று. ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் குடையை ஊன்றிக்கொண்டு நடுக்கோட்டுக்கு நேராக நிற்பார். முடிதிருத்தும் கடைக்காரர் நாலரை மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு வருவார். மறுநாள் அவரிடம் தலையைக் கொடுத்தால், பிடரியைப் பிடித்து ஒரு பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, நேற்று எந்த இடத்தில் யாருக்குப் பாஸ் கொடுத்திருக்க வேண்டும் என்று விளக்குவார், எழுந்து ஓட முடியாது. சோடாக்கடைக்காரர் ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொருவன் கையிலும் ஒரு கலர் பாட்டிலைத் திணித்துவிட்டு, கணக்கை முதல் வெற்றிக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பார். அந்தக் கணக்கை அவர் கடைசிவரை கேட்கவில்லை. ஆங்கில விரிவுரையாளர் திங்கட்கிழமை காலை ஷேக்ஸ்பியரைத் திறப்பதற்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “எத்தனை?” என்று கேட்பார். நாங்கள் விரல்களைக் காட்டுவோம். அவர் தலையசைத்துவிட்டுப் பாடத்துக்குப் போவார். யாரும் எங்களை இளக்காரம் செய்யவில்லை. அந்த ஊருக்குத் தோல்வியும் தன் வீட்டுச் சமாசாரமாகவே இருந்தது.

வெளியூர் ஆட்டம் என்றால் மீட்டர்கேஜ் பாசஞ்சரில் மூன்றாம் வகுப்பு. மெஸ் சமையல்காரர் வாழையிலையில் புளிசாதமும் தயிர்சாதமும் கட்டிக் கொடுப்பார். இரண்டுக்கும் நடுவில் எலுமிச்சை ஊறுகாயை மறக்கவே மாட்டார். போகும்போது யாரும் பேசமாட்டோம். திரும்பும்போதுதான் பேச்சு. மரப்பலகை இருக்கையில் ஜமக்காளத்தை விரித்து, நனைந்த பனியன்களை ஜன்னல் கம்பியில் கட்டிக் காயவைத்துக்கொண்டு, நடந்து முடிந்த ஆட்டத்தை ஆரம்பத்திலிருந்து மறுபடி ஆடுவோம். ஒவ்வொருவன் சொல்வதும் ஒவ்வொரு விதம். லெஃப்ட் அவுட் ஓடிய தூரம் ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் நீளும். எதிரணி சென்டர் பார்வர்டின் உயரம் வளரும். எங்கள் கோல்கீப்பர், நாகப்பட்டினத்துப் பையன், விட்ட கோல்களை ஒரே வரியில் முடித்துவிட்டுப் பிடித்த பந்துகளை ஒவ்வொன்றாகப் பாய்ந்து காட்டுவான். மேல்தட்டில் படுத்திருக்கும் வியாபாரிகள் தலையைத் தொங்கவிட்டுக் கேட்பார்கள். லால்குடி தாண்டுவதற்குள் நாலு கோல் தோல்வி, இரண்டு நிமிஷம் சுதாரித்திருந்தால் ஜெயித்திருக்கக்கூடிய ஆட்டமாக மாறியிருக்கும். அதை மறுக்க எந்தச் சாட்சியும் உலகத்தில் இல்லை. எப்போதாவது பத்திரிகையில் இரண்டு வரி வரும், அதிலும் இனிஷியல் மாறியிருக்கும். ஆட்டம் முடிந்த நொடியில் அது எங்கள் வாயில்தான் இருந்தது. அதை எங்கள் இஷ்டப்படி வளர்த்தோம்.

இனி அந்த டிரா. அக்டோபர் கடைசி, எங்கள் மைதானம், தூறல் விட்ட சாயங்காலம். ஆட்டம் முடியப் போகிற நேரம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. நான் இடதுபக்கத்திலிருந்து தாழ்வாகப் பந்தைக் கொடுத்தேன். எங்கள் சென்டர் பார்வர்டு ஓடி வந்த வேகத்திலேயே உதைத்தான். பந்து வடக்குக் கோலின் வலதுகம்பத்தை ஒட்டிப் பறந்து, கருவேல முள்ளுக்குள் புகுந்து, படாரென்று வெடித்தது. கம்பத்துக்கு உள்பக்கமாகப் போனதா, வெளிப்பக்கமாகவா? நாங்கள் கைகளைத் தூக்கிக்கொண்டு குதித்தோம். எதிரணி கோல்கீப்பர் அமைதியாக முள்பக்கம் கையைக் காட்டினான். ரெஃப்ரி நடுமைதானத்திலிருந்து ஓடிவந்து கம்பத்தைப் பார்த்தார், முள்ளைப் பார்த்தார், வெளியே என்று கை காட்டினார். தாசில்தார் கோட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார். முடிதிருத்துபவர் முள்ளுக்குள்ளேயே போய், பந்து எந்தப் புதரில் கிடக்கிறது, அங்கிருந்து நேர்கோடு பிடித்தால் கம்பத்துக்கு எந்தப் பக்கம் வருகிறது என்று அளக்க ஆரம்பித்தார். பி.டி. சார் மட்டும் நடுவில் வந்து, ரெஃப்ரி சொன்னால் சொன்னதுதான் என்று எங்களைத் தள்ளிக்கொண்டு போனார். மாற்றுப் பந்து கொண்டுவருவதற்குள் இருட்டிவிட்டது.

இந்தச் சண்டை எங்களுக்கு மட்டும் வந்ததில்லை. பந்து கம்பத்தின் எந்தப் பக்கம் போனது என்று இங்கிலாந்தில் நடந்த தகராறுகளைப் பார்த்து வெறுத்துப்போய்த்தான் லிவர்பூலைச் சேர்ந்த பிராடி என்ற பொறியாளர் கோலுக்கு வலை கட்டும் யோசனையைக் கண்டுபிடித்தார் என்பதை வெகுகாலம் கழித்துப் படித்தேன். அவருடைய யோசனை காவிரிக்கரைக்கு வர இன்னும் கொஞ்சம் பணம் தேவைப்பட்டிருக்கிறது. இன்றைக்கு உலகக் கோப்பையில் கோல்கோட்டைக் காமிராக்கள் காவல் காக்கின்றன. 2014இல் பிரேசிலில் பந்து கோட்டைத் தாண்டியதா என்பதை இயந்திரம் சொல்லியது, 2018இல் ரஷ்யாவில் ரெஃப்ரி ஓரத்துக்கு ஓடிப்போய்த் திரையில் பார்த்துத் தீர்ப்பைத் திருத்தினார். நியாயம் கிடைக்கிறது, அது பெரிய விஷயம். ஆனால் கோல் விழுந்ததும் ஆட்டக்காரன் பாதிச் சந்தோஷத்தில் நின்று திரையைப் பார்க்கிறானே, அதைப் பார்க்கும்போது எனக்கு மனசு என்னவோ செய்கிறது. நாங்கள் அன்றைக்குக் குதித்த குதியை யாரும் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை.

நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. 23ஆம் தேதி விடிவதற்குள் அரியலூருக்குப் பக்கத்தில் மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் போய், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. நூறு பேருக்கு மேல் இறந்துபோனார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவியை விட்டார். எங்கள் விடுதியில் அந்த ஊர்ப் பக்கத்துப் பையன்கள் நிறைய. அன்று முழுவதும் தபாலாபீஸ் வாசலில் தந்திக்காக நின்றோம். எங்கள் அணியும் எதிரணிகளில் ஆடிய உள்ளூர்ப் பையன்களும் ஒன்றாக நின்றோம். அந்த வாரத்து ஆட்டம் நிறுத்தப்பட்டது. பிறகு அதை ஆடவேயில்லை, யாரும் கேட்கவுமில்லை.

அதற்கடுத்த வாரம்தான் மெல்போர்ன் செய்தி வந்தது. டிசம்பர் 1ஆம் தேதி இந்தியா ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணில் 4-2 என்று ஜெயித்தது. நெவில் டிசோசா மூன்று, கிட்டு ஒன்று. ஒலிம்பிக் கால்பந்தின் அரையிறுதிக்குப் போன முதல் ஆசிய நாடு நாம். செகந்திராபாத் தமிழ்க் குடும்பத்துப் பையன் பலராம் அந்த அணியில் இருந்தார். கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜும் இருந்தார். முந்தின வருஷம் டுராண்ட் கோப்பையை ஜெயித்த வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமெண்ட் அணியின் ஆள். எங்கள் நாகப்பட்டினத்துக் கோல்கீப்பர் தங்கராஜின் படத்தை ‘ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்’ பத்திரிகையிலிருந்து வெட்டித் தகரப்பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தான். தங்கராஜ் முதலில் சென்டர் பார்வர்டாக ஆடியவர் என்று எங்கேயோ கேள்விப்பட்டதிலிருந்து, தானும் தவறான இடத்தில் நிற்கிறோமோ என்று அவனுக்கு அடிக்கடி ஒரு யோசனை வரும்.

அரையிறுதியில் அதே யூகோஸ்லாவியா. டிசோசா முதல் கோலை அடித்தார். பூங்கா ரேடியோவுக்குக் கீழே செய்தி கேட்க நின்ற கூட்டத்தில் எங்கள் அணி முழுவதும் இருந்தது. 4-1 என்று தோற்றோம், பிறகு பல்கேரியாவிடம் 3-0. நாலாவது இடம். தாசில்தார் எங்கள் பக்கம் திரும்பி, “பார்த்தீங்களா, அவங்களும் உங்களை மாதிரிதான்” என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் காலில் விழலாம் போலிருந்தது. ஹைதராபாத்துப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், ரஹீம், அந்த அணியைப் பழக்கியிருக்கிறார் என்றால், இன்னும் பத்து வருஷத்தில் நாம் எங்கே நிற்போம் என்று அன்றிரவு விடுதி மாடியில் படுத்துக்கொண்டு பேசினோம். 1962இல் ஜகார்த்தாவில் அவர் ஆசியத் தங்கத்தையும் வாங்கிக் கொடுத்தார். அதற்கு முன்பே, 1960 ரோமில் பெருவுக்கு எதிராகத் தமிழ்நாட்டுக்காரரான சைமன் சுந்தர்ராஜ் ஒரு கோல் அடித்திருந்தார். ஒலிம்பிக்கில் இந்தியா அடித்த கடைசிக் கோலாக அது இன்றுவரை நிற்கிறது. மாடியில் படுத்திருந்த எங்களில் யாரும் அப்படி நினைத்திருக்க மாட்டோம்.

இப்போது என் மகள் வயிற்றுப் பேத்தி கால்பந்து ஆடுகிறாள். இதை எழுதும்போதே எனக்குச் சந்தோஷம் வருகிறது. எங்கள் மைதானத்தைப் பெண்கள் சாலையில் நடந்து போகும்போது பார்த்தார்கள், அதுவும் நின்று பார்க்கவில்லை. தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018இல் மணிப்பூரை ஜெயித்துத் தேசியச் சாம்பியன் ஆனது. மறுவருஷம் மதுரைப் பக்கத்து சேது அணி இந்தியப் பெண்கள் லீக்கை ஜெயித்தது. ஆண்கள் விட்ட இடத்திலிருந்து இந்தப் பெண்கள் எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். பேத்தி லெஃப்ட் பேக். ராத்திரி எட்டு மணிக்கு, விளக்கு வெளிச்சத்தில், மணிக்கணக்கில் வாடகை வாங்கும் செயற்கைப் புல்லில் பயிற்சி. மழை பெய்தாலும் பந்து கனப்பதில்லை. காலணி அவள் கைக்குள் சுருண்டுவிடுகிறது. அதைத் தூக்கிப் பார்த்தபோது, இதைப் போட்டுக்கொண்டு எங்கள் லெஃப்ட் அவுட் ஓடியிருந்தால் என்று நினைத்தேன்.

இந்த வருஷம் அவள் அணிக்கும் தோல்விப் பருவம். ஒருநாள் ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தபோது அவள் கூடத்தில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பயிற்சியாளர் அன்றைய ஆட்டத்தின் துண்டுகளைக் குழுவில் போட்டிருக்கிறார். அவள் ஒரு அடி தாமதமாகத் திரும்புகிறாள், எதிரணிப் பெண் அவளைத் தாண்டிப் போகிறாள், கோல். பதினைந்து விநாடி. முடிந்ததும் மறுபடி ஆரம்பிக்கிறாள்.

“எத்தனை தடவ கண்ணு பாப்ப?”

“என்ன தப்புன்னு தெரிய வேணாமா தாத்தா? நீங்கள்லாம் எப்படித்தான் தாங்குனீங்க?”

அந்தத் துண்டுப்படத்தால் அவள் தேறுவாள், அது எனக்குத் தெரியும். அடுத்த ஆட்டத்தில் அந்த ஒரு அடியை முன்னால் எடுத்துவைப்பாள். ஆனால் அவளுடைய தோல்வி வளரவோ மாறவோ வழியில்லாமல், பதினைந்து விநாடியிலேயே நின்றுபோயிருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் மற்ற நேரத்தில் என்னென்ன செய்தாள் என்று கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றாள். பிறகு முதல் பாதியில் கோல்கோட்டிலிருந்து ஒரு பந்தைத் தலையால் எடுத்ததைச் சொன்னாள். அது படத்தில் இல்லை. எழுந்து நின்று காட்டச் சொன்னேன். காட்டினாள். அந்தப் பந்து எவ்வளவு வேகமாக வந்தது என்று கேட்டேன். “பயங்கர வேகம் தாத்தா” என்றாள். லால்குடி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ராத்திரிதான் வலையில்லாத கோலின் கதையை அவளுக்குச் சொன்னேன். எங்கள் அணியில் இப்போது மிச்சம் இருப்பது நானும் கோல்கீப்பரும். அவர் தாம்பரத்தில் மகனோடு இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் பேசுவார். பேச்சு எங்கே சுற்றினாலும் அக்டோபர் டிராவில் வந்து நிற்கும். பந்து வெளியேதான் போனது என்று எங்கள் அணியின் கோல்கீப்பரே இத்தனை வருஷமாகச் சாதிக்கிறார். மைதானத்தின் மறுகோடியில் நின்றதால் கம்பம் அவருக்கு நேராகத் தெரிந்ததாம். உள்ளேதான் போனது என்பது என் கட்சி. பந்தைக் கொடுத்தவன் நான்.

பேத்தி விஷயத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். அடுத்த ஞாயிறு ஒரு நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து, ஸ்பீக்கரைப் போட்டு, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசக்கூடாது என்று முதலில் சொன்னாள். முள் எந்தப் பக்கம், காற்று எந்தப் பக்கம், சென்டர் பார்வர்டு எந்தக் காலால் அடித்தார், பந்து வெடித்த புதர் கம்பத்திலிருந்து எத்தனை அடி என்று இருவரையும் தனித்தனியாகக் கேட்டு எழுதினாள். இடதுகால் என்றேன் நான். வலதுகால் என்றார் அவர். சென்டர் பார்வர்டு உயிரோடு இருந்தால் இதைக் கேட்டே சண்டைக்கு வந்திருப்பார். அவள் படம் வரைந்து, கோடு இழுத்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கோல் என்று தீர்ப்புச் சொன்னாள்.

மறுமுனையில் கோல்கீப்பர் விடவில்லை. “பாப்பா, நீ உங்க தாத்தா வீட்டுச் சோறு சாப்புடுற. தீர்ப்பு செல்லாது. அந்தப் படத்த எனக்கு அனுப்பு, என் பேரன் இன்ஜினியர், அவன் பாக்கட்டும்.”

அனுப்பியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் பதில் வரும்.